வாயை மூடாத எடிட்டர்

எனக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், ஒரு எடிட்டர் சற்று நேரம் பேசாமல் இருந்ததற்கு இந்த மனுஷன் ஏன் இந்தக் குதி குதிக்கிறான் என்று நீங்கள் நினைப்பீர்கள். என் மனைவிக்கும் கண் தெரியாது. இரண்டு பேரும் வாத்தியார் வேலை பார்க்கிறவர்கள். நான் பேட்டையில் ஒரு பள்ளியில் வரலாறும் புவியியலும் நடத்துகிறேன். அவள் பாளையங்கோட்டையில், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே, பாட்டு டீச்சர். பஸ் ஏறி ஜங்ஷனில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ் பிடித்துப் பேட்டை போய் வருகிற என்னைவிட, அடுத்த தெருவுக்கு நடந்து போய் வருகிற அவளுக்குத்தான் களைப்பு அதிகம் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. பதிலுக்கு அவள் தண்ணீர்ச் செம்பைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைப்பாள்.

எங்களுக்குள் ஒத்துப்போகாத விஷயம் ஒன்றுதான். அவள் விரலால் படிக்கிறவள். நான் காதால் படிக்கிறவன். பிரெயிலைச் சின்ன வயதில் நானும் படித்தேன். பிறகு பேசும் கம்ப்யூட்டர் வந்தது, என் விரல்கள் சோம்பேறியாகிவிட்டன. இப்போது ஒரு வரியைத் தடவிப் படித்து முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். அவளோ இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே மறு கையால் ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பாள். காதால் கேட்பதெல்லாம் படிப்பே இல்லை, யாரோ படிக்க நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான் என்பது அவளுடைய கட்சி. இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

நான் பயன்படுத்தும் எடிட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதுவதற்கான மென்பொருள்தான். ஆனால் அதில் இல்லாத வசதி ஒன்று வேண்டுமென்றால் நாமே அதற்கு நாலு வரி நிரல் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்த கணத்திலிருந்து அது எடிட்டரின் சொந்தப் பிள்ளை ஆகிவிடும். நான் அதில் கேள்வித்தாள் எழுதுகிறேன், மதிப்பெண் கூட்டுகிறேன், கடிதம் அனுப்புகிறேன், மளிகைச் சாமான் கணக்குப் போடுகிறேன். எல்லாவற்றையும் அது எனக்கு வாசித்துக் காட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல். புதிதாகக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அது என் கண். அந்த நிரல் மொழியில் முக்கால்வாசி அடைப்புக்குறிகள்தான் என்பதால், நான் நிரல் எழுதும்போது வீடு முழுக்க "அடைப்பு, அடைப்பு, அடைப்பு" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் என் மனைவியிடம், குளியலறையில் ஏதும் அடைப்பா, ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார்கள்.

எங்கள் சபையில் வருஷா வருஷம் பிரதிஷ்டைப் பண்டிகை நடக்கும். தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம், அதைக் கட்டி அர்ப்பணித்த நாளைக் கொண்டாடுவது. காலையில் ஆராதனை, மத்தியானம் அசனம். அசனம் என்றால் சபையார் எல்லோரும் அரிசியும் பணமும் போட்டு, கோயில் வளாகத்திலேயே பெரிய பெரிய வட்டாப் பாத்திரங்களில் சோறும் கறியும் ஆக்கி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. நான் அதற்காகவே வருஷம் பூராவும் நல்லவனாக இருக்கிறேன். ஆனால் என் மனைவிக்குப் பண்டிகை என்றால் பாட்டு. ஒவ்வொரு வருஷமும் பாடகர் குழு அந்தப் பண்டிகைக்கென்று புதுப்பாட்டுகள் கட்டும். பழைய பாட்டுகளோடு சேர்த்து அவற்றைச் சிறு புத்தகமாக அச்சடித்து வாசலில் கொடுப்பார்கள். கண் உள்ளவர்கள் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு பாடுவார்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் ஒரு சலுகை உண்டு. எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நாங்கள் இருவரும் பின்வரிசையில் ஒரு பெஞ்சில் சேர்ந்து உட்காரலாம். அங்கே அவள் பக்கத்தில் இருப்பதால் எனக்குத் தெரியும். பழைய பாட்டு என்றால் அவள் குரல் முதல் வரியிலேயே எழும். புதுப்பாட்டு என்றால் முதல் சரணம் முழுக்க அவள் வாயைத் திறக்க மாட்டாள். பல்லவி திரும்ப வரும்போது, மற்றவர்கள் பாடியதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டு, அரை வரி பின்னால் சேர்ந்துகொள்வாள். பாட்டு அவளுக்குப் பிடிபட்டுவிட்டது என்று நான் நினைக்கும்போது ஆமென் வந்துவிடும். ஊரிலேயே நல்ல குரல் உள்ளவள், மற்றவர்கள் மிச்சம் வைத்ததைப் பாடிக்கொண்டிருந்தாள்.

அவள் இதைப் பற்றிக் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. சென்ற வருஷம் பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்.

"இந்த வருசம் புதுப்பாட்ட நான் முத வரியிலருந்து பாடணும். ஒரு தடவையாவது."

அவள் எதையும் கேட்கிறவள் அல்ல. அதனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்துவிடலாம் என்று பெரிய தோரணையாகச் சொன்னேன். எங்களிடம் ஒரு பழைய பிரெயில் அச்சு இயந்திரம் இருந்தது. அவள் பள்ளியில் புதிது வாங்கியபோது கழித்துப் போட்டதை நாங்கள் கேட்டு வாங்கி, பழுதுபார்த்து, கூடத்தில் வைத்திருந்தோம். அது ஓடும்போது தகரக் கூரையில் புளியங்கொட்டையைக் கொட்டுவது போல் சத்தம் வரும். இயந்திரம் இருக்கிறது, எடிட்டர் இருக்கிறது, நான் இருக்கிறேன். பாட்டுப் புத்தகத்தை எழுத்தாக்கி, எழுத்தைப் பிரெயிலாக்கி, அச்சில் விட வேண்டியதுதானே.

பாடகர் குழுத் தலைவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் போய்க் கேட்டேன். சந்தோஷமாகப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டார். அவர் நல்ல பாடகர். படம் பிடிப்பதில் அப்படி இல்லை. பாதிப் படங்களில் அவருடைய கட்டை விரலும் இருந்தது, ஒன்றிரண்டில் டீ கிளாஸும் இருந்தது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் மிகவும் கடமை உணர்ச்சி உள்ளது. அது அண்ணாச்சியின் விரலையும் எழுத்தென்று நினைத்து வாசிக்கப் பார்க்கும். எங்கள் பழைய லேப்டாப்பில் அது ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் ஒருவர் குளித்துவிட்டு வந்துவிடலாம்.

இந்த மென்பொருளை எடிட்டருக்குள்ளிருந்தே ஓடவைக்க நான் ஒரு கட்டளை எழுதினேன். விசையைத் தட்டினால் படத்தை எடுக்கும், எழுத்தாக்கும், என் முன்னால் கொண்டுவந்து வைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த எடிட்டருக்கு ஒரு குணம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். நான் எழுதியிருந்த முறையில், ஒரு பக்கம் முடியும்வரை அது வேறெதையும் கவனிக்காது. கண் உள்ளவர்களுக்கு இதில் பெரிய கஷ்டமில்லை. திரை அசையாமல் நிற்கும், வேலை நடக்கிறது என்று தெரிந்துகொண்டு எழுந்துபோய் டீ குடிப்பார்கள். எனக்கு அந்தக் குரலும் எடிட்டர் வழியாகத்தான் வருகிறது. எடிட்டர் வேலையில் மூழ்கினால் குரல் நின்றுவிடும். வேலை செய்கிறதா, செத்துப்போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே சத்தம்தான், அதாவது சத்தமே இல்லை.

எனக்கு அமைதி ஆகாது. டவுண் தேரோட்டக் கூட்டத்தில் நிற்கச் சொன்னால் நிற்பேன். சத்தமில்லாத அறையில் உட்கார்ந்தால் எனக்கு மூச்சு முட்டும். அதனால் குரல் நின்றதும் நான் விசைகளைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒரு வரியை வெட்டும் விசைக்குத் தனியாக ஒரு சத்தம் உண்டு, 'டக்' என்று கணீரென்று கேட்கும். அந்தச் சத்தமாவது கேட்காதா என்று அதைத் தட்டினேன். கேட்கவில்லை. திரும்பத் தட்டினேன். சேமிக்கும் விசைக்கும் ஒரு மணிச் சத்தம் உண்டு. அதையும் தட்டினேன். கோபம் வந்து மாற்றி மாற்றி எல்லாவற்றையும் தட்டினேன்.

எடிட்டர் சாகவில்லை. நான் தட்டியதையெல்லாம் ஒன்று விடாமல் வரிசையில் போட்டு வைத்திருந்தது. பக்கம் முடிந்ததும் ஒவ்வொன்றாக, ரொம்ப மரியாதையாக, நிறைவேற்ற ஆரம்பித்தது. டக், டக், டக், டக், டிங். டக், டக், டக், டிங். அதுவரை நான் நாட்கணக்காகக் காதால் கேட்டுக் கேட்டுத் திருத்திய பாட்டுகள் வரிவரியாக வெட்டுப்பட்டு, வெட்டுப்பட்டபடியே சேமிக்கப்பட்டன. நிதானமாக இருந்திருந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம், அதற்கும் விசை உண்டு. நான் பதறிப்போய் லேப்டாப்பையே அணைத்துவிட்டேன். பழைய பிரதி ஒன்று மிஞ்சியது, என் திருத்தம் ஒன்றுகூட இல்லாமல், அண்ணாச்சியின் கட்டை விரலோடு.

என் மனைவி கூடத்துக்கு வந்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு, பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அந்த 'பரவாயில்லை'தான் என்னைக் குத்தியது. அவள் சபையில் அரை வரி பின்னால் சேர்ந்துகொள்வதும் அதே 'பரவாயில்லை'யோடுதான்.

அம்பாசமுத்திரத்தில் எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள். அவனுக்கும் கண் தெரியாது. அங்கே வங்கியில் வேலை. அதே எடிட்டர்தான் அவனுக்கும் உயிர். அந்தச் சனிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சேரன்மாதேவி தாண்டியதும் வயற்காற்று சன்னல் வழியாக வந்தது, பாதிக் கோபம் அங்கேயே போயிற்று. மிச்சத்தை ஆற்றில் விட்டேன். அவன் வீட்டிலிருந்து படித்துறைக்கு நடக்கிற தூரம்தான். மலையில் மழை பெய்திருந்ததால் தண்ணீர் ஜில்லென்று, நல்ல இழுப்போடு வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்று, எடிட்டரைப் பற்றிப் பேசிய இரண்டு ஆட்கள் தாமிரபரணி வரலாற்றிலேயே நாங்களாகத்தான் இருப்போம். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர், எடிட்டர் என்றதும் எந்தப் பத்திரிகை என்று விசாரித்தார்.

நண்பன் சொன்ன வழி எளிமையானது. வேலையை எடிட்டர் தானே பார்க்கக் கூடாது. வெளியே ஒரு ஆளை அனுப்புவது போல அனுப்பிவிட வேண்டும். எடிட்டர் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும், நானும் வேறு பக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கலாம். ஆள் வேலையை முடித்து வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் போதும். வந்ததும் அது தானாக நடக்கும்.

ஈரத் தலையோடு உட்கார்ந்து எழுதினேன். ஓடவைத்தேன். குரல் பழையபடி நின்றுபோயிற்று. திரும்ப எழுதினேன், திரும்ப நின்றது. நண்பன் என் நிரலைத் தன் காதில் போட்டு முழுசாகக் கேட்டான். கேட்டுவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தான். நான் ஆளை அனுப்பிய அடுத்த வரியிலேயே, ஆள் வந்தாச்சா, வந்தாச்சா, வந்தாச்சா என்று ஓயாமல் கேட்கும்படி ஒரு சுற்று எழுதி வைத்திருந்தேன். அந்தச் சுற்று முடிந்தால்தான் எடிட்டர் அடுத்த வேலைக்குப் போகும்.

"ஏலே, ஆள அனுப்பிட்டு நீயும் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தா, எதுக்குலே ஆள அனுப்புன?" என்றான்.

அவனுக்கு அது நிரல் பிழை. எனக்கு அது பிறவிக் குணம். என் மனைவி டவுணுக்குச் சேலை எடுக்கப் போனால் அவள் வண்ணார்பேட்டை தாண்டும்போது ஒரு போன், ஜங்ஷன் வரும்போது ஒரு போன், கடை வாசலை எட்டும்போது ஒரு போன் என்று நான் வீட்டிலிருந்து போட்டுக்கொண்டே இருப்பேன். அவள் போனை எடுத்து, இன்னும் அதே பஸ்ஸில்தான் இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள். என் நிரலும் அதையேதான் செய்திருக்கிறது. அந்தச் சுற்றை மனசில்லாமல் வெட்டினேன். விசையைத் தட்டினேன். ஆள் போனான். குரல் நிற்கவில்லை. நான் இன்னொரு பாட்டைத் திறந்து வாசிக்கச் சொன்னேன், மூக்கைப் பிடித்துக்கொண்டே அழகாக வாசித்தது. அதன் நடுவில், முதல் பக்கம் தயார் என்று சொன்னது. நான் நண்பனைக் கட்டிப்பிடித்து அவன் முதுகில் குத்தினேன். அவன் மனைவி பயந்துபோய் அடுக்களையிலிருந்து ஓடிவந்தார்.

ஊருக்கு வந்த பிறகு எனக்குப் புதுப் பைத்தியம் பிடித்தது. எதை வேண்டுமானாலும் வெளியே அனுப்பலாம் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் அனுப்பினேன். ஒரு பக்கம் எழுத்தாகிக்கொண்டிருக்கும், இன்னொன்று பிரெயிலாகிக்கொண்டிருக்கும், மூன்றாவது அச்சு இயந்திரத்தில் புளியங்கொட்டை கொட்டும். அவை ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வரிக்கு வரி என்னிடம் சொல்ல வேண்டுமென்று வேறு எழுதி வைத்தேன். விளைவு, எடிட்டர் வாயை மூடவே இல்லை. மீன் சந்தை தோற்றது. என் மனைவி, இதற்கு அந்தப் பழைய அமைதியே தேவலை என்றாள்.

சரி, பேச்சு வேண்டாம், முடிந்ததும் ஒரு சத்தம் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். என்ன சத்தம்? எங்கள் வீட்டில் ஒரு வேலை முடிந்துவிட்டது என்று எனக்கு அறிவிக்கும் ஒரே சத்தம் குக்கர் விசில்தான். அடுப்பருகே போனைப் பிடித்து அதைப் பதிவு செய்து எடிட்டரில் மாட்டினேன். மிகப் பிரமாதமாக இருந்தது. அன்று சாயந்தரம் நான் பக்கங்களை வரிசையாக அனுப்பினேன். ஒவ்வொன்று முடியும்போதும் விசில் அடித்தது. ஒவ்வொரு தடவையும் என் மனைவி படித்துக்கொண்டிருந்ததை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. நாலாவது தடவைதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. அதன் பிறகு விசில் அடித்தால், அது இவருடைய பாட்டு என்று உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் நிஜமாகவே பருப்பு வைத்திருந்தாள். குக்கர் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் நான் வேலை செய்கிறேன் என்று நினைத்தாள். நான், பக்கங்கள் நல்ல வேகத்தில் முடிகின்றனவே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். தீய்ந்த வாடை வந்த பிறகுதான் இரண்டு பேரும் எழுந்து ஓடினோம்.

அன்று ராத்திரி கடையில் புரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் அவள் போனைக் கொடுங்க என்றாள். வாங்கி, தொண்டையைச் செருமி, "முடிஞ்சிட்டு" என்று ஒரு தடவை பதிவு செய்தாள். பாட்டு டீச்சர் என்பதால் அதிலும் ஒரு சுருதி இருந்தது. தப்பாகிப் போனால் சொல்வதற்கு, "எங்கனயோ தப்பிருக்கு, பாருங்க" என்று இன்னொன்று. அதிலிருந்து எடிட்டரின் வேலைகள் எல்லாம் அவள் குரலில்தான் முடிகின்றன. பேட்டைப் பள்ளியில் ஆசிரியர் அறையில் நான் மதிப்பெண் கூட்டும்போதும் அந்தக் குரல் வரும். வீட்டம்மாவையும் பையில் கொண்டுவந்துவிட்டீரா வே என்று சக வாத்தியார்கள் கேட்பார்கள்.

பண்டிகைக்கு முன்தினம் எல்லாம் தயாராக இருந்தது. பாட்டுப் புத்தகம் தடித்த தாளில், பிரெயில் புள்ளிகளோடு, நூல் கட்டி அவள் மடியில் இருந்தது. அவள் ஒவ்வொரு பக்கமாகத் தடவி, தப்புகளைச் சொல்லி, நான் திருத்தி மறுபடி அடித்துக் கொடுத்திருந்தேன். புதுப்பாட்டுகளின் ராகத்தை அண்ணாச்சி போனில் பாடி அனுப்பியிருந்தார். அவள் அதைக் கேட்டுக்கொண்டே விரலை ஓட்டினாள். வீட்டில் எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

பண்டிகைக் காலையில் அவள் குளித்து, புதுச்சேலை கட்டி, மல்லிகைப்பூ வைத்துக் கிளம்பி நிற்கும்போது அண்ணாச்சியின் போன் வந்தது. எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்று சொல்வோம். பண்டிகையின் முக்கியப் பாட்டு ராகத்தோடு ஒட்டவில்லை என்று ஐயரும் அண்ணாச்சியும் உட்கார்ந்து அதை அடியோடு மாற்றிவிட்டார்களாம். ராகம் அதேதான், வார்த்தைகள் எல்லாம் புதிது. தனித்தாளாக அச்சடித்தாகிவிட்டது. டீச்சரம்மாவுக்கு என்று இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து இப்போதுதான் அனுப்பியிருக்கிறேன், ரொம்ப மன்னிக்கணும் என்றார்.

 ஆட்டோ வந்து வாசலில் நின்றது. அவள் நாற்காலியில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. "பரவாயில்ல" என்று அவள் சொல்வதற்குள் நான் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை அன்று என்னால் கேட்டிருக்க முடியாது.

முதல் பக்கத்தை அனுப்பினேன். காத்திருக்காமல் இரண்டாம் பக்கத்தையும் அனுப்பினேன். அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே அச்சு இயந்திரத்தில் தாளைப் போட்டுத் தயார் செய்தேன்.  கேட்டுப் பார்ப்போமா, ஒரு விசையைத் தட்டிப் பார்ப்போமா என்று விரல் துடித்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பின்னால் அவள், "முடிஞ்சிட்டா?" என்றாள். அதே நேரம் லேப்டாப்பிலிருந்து அவளே, "முடிஞ்சிட்டு" என்றாள். அவள் சிரித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

முதல் பக்கத்தில் வழக்கம்போல் அண்ணாச்சியின் விரல் ஒரு வரியை மறைத்திருந்தது. அவருக்குப் போன் போட்டேன். அவர் கோயில் வாசலில் நின்றபடி அந்த வரியைப் பாடியே சொன்னார், தட்டினேன். நான் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டாம் பக்கம் முடிந்தது. இரண்டாவதைத் திருத்தும்போது முதலாவது பிரெயிலாகி அச்சில் விழுந்துகொண்டிருந்தது. இயந்திரத்தின் சத்தத்தில் ஆட்டோக்காரர் உள்ளே வந்து, கரண்டுல ஏதும் கோளாறா சார் என்று கேட்டார். அவள் தாளை விழுந்த கையோடு இழுத்துத் தடவினாள். ஓர் இடத்தில் நின்றாள், ஒரு எழுத்து விட்டிருக்கிறது என்றாள். நான் திரும்ப அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், எனக்குத் தெரிந்துவிட்டது, வாங்க என்று எழுந்துவிட்டாள். இரண்டு தாள்களையும் மடிக்காமல், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தாள்.

கோயில் நிரம்பியிருந்தது. பின்னால் வளாகத்தில் அசனத்துக்கு வெங்காயம் வதங்கும் மணம் வந்தது. அன்று எனக்கு அதில்கூட நாட்டமில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் தாளை மடியில் விரித்தாள். ஐயர் பாட்டை அறிவித்தார். ஆர்கன் இசை எழுந்தது. எல்லோரும் நின்றோம். முன்னால் பாடகர் குழு தொடங்கிய அதே நொடியில் என் பக்கத்தில் அவள் குரல் எழுந்தது. முதல் வரி, முதல் சொல், முதல் எழுத்திலிருந்து.

 கூடவே பாடலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்கு அந்தப் பாட்டில் பாதிதான் நினைவிருந்தது. காலையில் நான் கேட்டது பிழை திருத்துவதற்காக, பாடுவதற்காக அல்ல. சுற்றிலும் தாள்கள் சரசரத்தன, எல்லோர் கையிலும் பாட்டு இருந்தது. என் கையில்தான் இல்லை. அவள் விரல் தாளில் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. முதல் சரணம் முடிந்து இரண்டாம் பக்கத்துக்குப் போகும் நேரம் வந்தது. அந்தப் பக்கத்தை நான் அவசரத்தில் சரியாகத் திருத்தினேனா, இயந்திரம் சரியாகக் குத்தியதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பொறுக்க முடியவில்லை. அவள் பக்கமாகச் சாய்ந்து, சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டேன். அவள் பாடிக்கொண்டிருந்தாள். ரெண்டாம் பக்கம் படிக்க முடியுதா என்று மறுபடி கேட்டேன். முழங்கையால் என் விலாவில் ஒரு இடி விழுந்தது. இரண்டு வரிகளுக்கு நடுவில் மூச்சு எடுக்கும் இடைவெளியில் அவள் சொன்னாள்.

"முடிஞ்சதும் நானே சொல்லுதேன். இப்பம் சும்மா நில்லுங்க."

நான் நின்றேன். எதையும் தட்டாமல், எதையும் கேட்காமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் குரல் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. கடைசிச் சரணத்தில் அவள் மேல் ஸ்தாயிக்குப் போனபோது எங்களுக்கு முந்தின வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்த சேலைச் சத்தம் கேட்டது. ஆமென் வந்தது. இப்போது சொல்வாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. மறந்தே போய்விட்டாள். அடுத்த பாட்டின் பக்கத்தை விரல் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தது.